பிரசவ வலியில ஜுரம், உள்ள தொற்றுன்னு சொல்லி ஆபரேஷன் பண்ணிட்டாங்க – ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மலைக்கோட்டைப்பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு கொஞ்ச நாள் முன்னாடி முதல் பிரசவம் ஆச்சு, ஆம்பளப்பிள்ளை. தாயும் பிள்ளையும் இப்ப வீட்டுலதான் இருக்காங்க, நல்லா இருக்காங்க, அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எங்க யாருக்கும் சரியா புரியல, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அவ அதையெல்லாம் கேட்டு கேட்டு அழுதுக்கிட்டே இருக்கா, அதான் இங்க எழுதுறேன்.

38 வாரம் முடிஞ்சிருந்துச்சு. ராத்திரி படுத்தவ தண்ணி உடைஞ்சிருச்சுன்னு எழுப்புனா, வலின்னு துளி கூட இல்ல. உடனே ஆட்டோ புடிச்சு எப்பவும் காட்டுற தனியார் ஆஸ்பத்திரிக்கு போயிட்டோம். காலைல வரைக்கும் தானா வலி வருதான்னு பாப்போம்னாங்க, வரல, ஜெல் வச்சாங்க, மத்தியானத்துக்கு மேல டிரிப்ஸ்ல வலி வர்றதுக்கு மருந்து ஏத்துனாங்க. ஷிஃப்ட் மாற மாற வேற வேற ஆளு வந்து உள்ள கை விட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க, அவளுக்கு அதுதான் வலிய விட பெரிய கஷ்டமா இருந்துச்சுன்னு இப்பவும் சொல்றா. சாயங்காலம் திடீர்னு உடம்பெல்லாம் தூக்கிப் போடுது, குளுருதுன்னு போர்வை கேக்குறா, ஜுரம் பாத்தா 101.6. குழந்தை துடிப்பு 180க்கு மேல ஓடுதுன்னாங்க. கர்ப்பப்பைக்குள்ள இன்ஃபெக்‌ஷன் ஆயிருச்சுன்னு சொல்லி ரெண்டு ஆன்டிபயாட்டிக் போட்டாங்க. கர்ப்பவாய் 7 சென்டிமீட்டர் வரைக்கும் திறந்துச்சு, அதுக்கு மேல நகரவே இல்ல, சொட்டு மருந்த கூட்டிக்கிட்டே போனாங்க, கடைசியில ராத்திரி சிசேரியன் பண்ணிட்டாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கர்ப்பப்பை சுருங்கலன்னு ரத்தப்போக்கு வேற ஜாஸ்தியாகி ரத்தம் ஏத்துனாங்க. குழந்தைய என்ஐசியூல வச்சு ஊசி போட்டு அப்புறம்தான் குடுத்தாங்க. நச்சுக்கொடிய டெஸ்ட்டுக்கு அனுப்புனதுல "அக்யூட் கோரியோஅம்னியோனைட்டிஸ்"னு ரிப்போர்ட் வந்திருக்கு.

இப்ப அவ மாமியார் என்னடான்னா, கடைசி மாசத்துல பழைய சோறும் இளநியுமா குடிச்சா, தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட இருந்தா, அந்தக் குளிர்ச்சிதான் உள்ள எறங்கிருச்சுங்கறாங்க. எங்க சித்தப்பா, இன்ஃபெக்‌ஷனாவது ஒண்ணாவது, ஆபரேஷன் பண்ணி பில் போடுறதுக்கு சொல்ற கதைங்கறாரு. நாங்க லேட்டா போகல, சுத்தமாத்தான் இருந்தா, மாசா மாசம் செக்கப் போனா, அப்புறம் எப்படி உள்ள தொற்று வந்துச்சு? தொற்று வந்தா நார்மல் ஆகவே ஆகாதா? அடுத்த குழந்தைக்கும் இப்படித்தான் ஆகுமா? தெரிஞ்சவங்க தயவு செஞ்சு சொல்லுங்க.

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

கண்ணு, முதல்ல உன் தங்கச்சிய அழ வேணாம்னு சொல்லு. நான் அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுலயே காலம் பூரா இருந்து ரிட்டயர் ஆனவ. பழைய சோறு, இளநி, தலைக்கு ஊத்துனது இதுல எதுவும் கர்ப்பப்பைக்குள்ள போகாது. வயித்துக்குள்ள போற சாப்பாட்டுக்கும் குழந்தை இருக்கற பைக்கும் வழியே கிடையாது. மாமியார் வேணும்னு சொல்லல, அவங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாங்க, நீ பொறுமையா சொல்லு.

இந்தக் கிருமி வெளியில இருந்து வந்து ஒட்டிக்கிறது இல்ல. ஈ.கோலை, குரூப் பி ஸ்ட்ரெப், இன்னும் பேர் தெரியாத பலது, நிறையப் பொம்பளைங்களுக்கு பிறப்புறுப்புலயும் மலக்குடல் பக்கத்துலயும் சாதாரணமா குடியிருக்கறதுதான். அங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. கர்ப்பவாயில சளி மாதிரி ஒரு அடைப்பு, அதுக்கு மேல பனிக்குடம், இந்த ரெண்டும்தான் காவல். பனிக்குடம் உடைஞ்சதும் கதவு திறந்த கணக்குதான், மணி ஆக ஆக கிருமி மேல ஏறும். எவ்வளவு சுத்தமா இருக்கற பொண்ணுக்கும் ஏறும். முதல் பிரசவம்னா வலி இழுத்துக்கிட்டே போகும், அதனால முதல் பிரசவத்துலதான் இத நாங்க ஜாஸ்தி பாப்போம்.

உள்ள கை விட்டு பாக்குறத பத்தி சொன்னியே, அத நான் மறைச்சுப் பேச மாட்டேன். எவ்வளவு நல்ல கிளவுஸ் போட்டாலும் கீழ இருக்கற கிருமிய விரல் மேல தள்ளத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனமே வலி நல்லா புடிச்சதுக்கு அப்புறம் 4 மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்தா போதும்னுதான் சொல்லியிருக்கு, அதுவும் தண்ணி உடைஞ்ச கேஸ்னா இன்னும் கவனமா இருக்கணும். நான் இன்சார்ஜா இருந்தப்ப தண்ணி உடைஞ்சு வர்ற பிள்ளைங்க கேஸ் ஷீட்ல மேலேயே சிவப்புல எழுதி வச்சிருவேன், எத்தன மணிக்கு உடைஞ்சுது, கடைசியா யாரு எப்ப உள்ள பாத்தாங்கன்னு. புதுசா வர்ற ட்ரெயினி பிள்ளைங்க ஆளுக்கு ஒருக்கா கத்துக்க பாக்குறதுன்னா அங்க விட மாட்டேன். டிரெயினிங்ல அஞ்சு சுத்தம்னு சொல்லிக் குடுப்பாங்க, சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள்னு. அதுல முதல்ல வர்றது கைதான்.

தண்ணி உடைஞ்ச பிள்ளைக்கு நாங்க என்ன பண்ணுவோம்னா, சுத்தமான பேட் வச்சு அடிக்கடி அத எடுத்துப் பாப்போம். தண்ணி தெளிவா இருக்கா, பச்சையா இருக்கா, வாடை வருதா. நல்ல பனிக்குடத் தண்ணிக்கு ஒரு தனி வாசனை உண்டு, கெட்ட வாடையே இருக்காது. தொற்று ஆயிருச்சுன்னா சில சமயம் பேட எடுக்கும்போதே தெரிஞ்சிரும், ஆனா எல்லாருக்கும் வாடை வராது, வாடை வரலைங்கறதுக்காக தொற்று இல்லன்னு விட்டுரக் கூடாது. தாயோட நாடித்துடிப்பு ஏறுறது, ஜுரம், குழந்தை துடிப்பு 160க்கு மேல போயி அங்கேயே நிக்கறது, வயித்த தொட்டாலே வலியில்லாத நேரத்துலயும் நோவுது, இதெல்லாம் சேத்துத்தான் பாக்கணும்.

இப்ப நீ கேட்ட முக்கியமான விஷயம், ஏன் 7லயே நின்னு போச்சுன்னு. வலி எப்படி இருக்குன்னு மெஷின விட நாங்க வயித்து மேல கை வச்சுத்தான் பாப்போம், 10 நிமிஷம் கைய எடுக்காம வச்சிருந்தா எத்தன தடவ இறுகுது, எவ்வளவு நேரம் இறுகி நிக்குதுன்னு தெரியும். நல்ல வலின்னா 10 நிமிஷத்துல மூணு நாலு தடவ, ஒவ்வொண்ணும் 40 செகண்டுக்கு மேல, விரல் உள்ள அமுங்காத அளவுக்கு கல்லு மாதிரி இறுகும். தொற்று ஏறுன பிள்ளைங்க பல பேருக்கு அப்படி இருக்காது. இறுகும், பாதியிலயே தளர்ந்துரும், அடுத்தது எப்ப வரும்னு சொல்ல முடியாது, சொட்டு மருந்த எவ்வளவு கூட்டுனாலும் அந்தப் பதம் வராது. ஜுரத்துல படுத்து எந்திரிச்சவ தண்ணிக்குடத்த தூக்குனா கை நடுங்கும்ல, கர்ப்பப்பையும் தசைதான, அதுக்கும் அதே நெலமைதான். பிள்ளை பிறந்ததுக்கு அப்புறமும் அதே தசைதான் சுருங்கி ரத்தத்த நிறுத்தணும், அது சுருங்காததுனாலதான் ரத்தப்போக்கு ஆயிருக்கு. எல்லாம் ஒரே கதைதான் கண்ணு, தனித்தனியா மூணு கெட்ட நேரம் வந்து சேரல.

சென்னை அப்பா எழுதியது:

ஜுரம் வந்தாலே ஆபரேஷன்தான்னு நினைச்சுக்காதீங்க. என் மனைவிக்கும் வலியில 101 ஜுரம் வந்துச்சு, இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம்னு சொல்லி ஆன்டிபயாட்டிக் போட்டாங்க, ஆனா அவளுக்கு அப்ப 9 சென்டிமீட்டர் ஆயிருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல நார்மலாவே பிறந்துச்சு. பொண்ணு. அவளையும் கொஞ்ச நாள் என்ஐசியூல வச்சுத்தான் பாத்தாங்க, கண்ணாடி வழியா பாக்க விட்டாங்க, அந்த சின்னக் கையில ஊசிக்கு அட்டை வச்சு கட்டியிருந்தத பாத்துட்டு நான் வெளிய வந்து உக்காந்துட்டேன். இப்ப ஸ்கூல் போறா, எந்தப் பிரச்சினையும் இல்ல. உங்க தங்கச்சி பையனும் நல்லா இருப்பான்.

எனக்கும் ஒரு சந்தேகம், என் மனைவிக்கு வலி தெரியாம இருக்க முதுகுல எபிடியூரல் போட்டிருந்தாங்க, அதுனாலயும் ஜுரம் வரும்னு அப்புறம் ஒருத்தர் சொன்னாங்க, அது உண்மையா?

மகப்பேறு மருத்துவர் கோவை எழுதியது:

சிஸ்டர் ரொம்ப அழகா சொல்லிட்டாங்க, நான் விட்டுப்போனத மட்டும் சேக்குறேன். ரெக்கார்ட பாக்காம அந்த ஆஸ்பத்திரி செஞ்சது சரியா தப்பான்னு என்னால சொல்ல முடியாது, ஆனா எத வச்சு முடிவு பண்ணணும்னு சொல்ல முடியும்.

முதல்ல சென்னை அப்பாவுக்கு. ஆமா, எபிடியூரல் போட்டவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு தொற்று எதுவும் இல்லாமலே ஜுரம் வரும், மருத்துவத்துல நல்லா தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அந்த நேரத்துல இது எபிடியூரல் ஜுரமா தொற்று ஜுரமான்னு பிரிச்சு சொல்ல கையில ஒரு டெஸ்ட்டும் கிடையாது, அதனால சந்தேகத்தோட பலன தாய்க்கும் குழந்தைக்கும் குடுத்து ஆன்டிபயாட்டிக் போடுறதுதான் சரி. உங்க மனைவிக்கு செஞ்சது அதுதான்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2017ல குடுத்த வழிகாட்டுதல்ல, வலியில இருக்கற அம்மாவுக்கு ஜுரம் ஒரே ஒரு தடவ 39 டிகிரி, அதாவது 102.2 ஃபாரன்ஹீட் தொட்டாலே தொற்றுன்னு சந்தேகிச்சு வைத்தியம் ஆரம்பிக்கலாம். 38ல இருந்து 38.9 வரைக்கும், அதாவது 100.4க்கு மேலன்னா, கூட இன்னொரு அறிகுறி வேணும், குழந்தை துடிப்பு ஜாஸ்தி, வெள்ளணு எண்ணிக்கை ஜாஸ்தி, கர்ப்பவாயில இருந்து சீழ் மாதிரி வர்றது, இதுல ஏதாவது ஒண்ணு. உங்க தங்கச்சிக்கு 101.6ம் இருந்துச்சு, குழந்தை துடிப்பு 180ம் இருந்துச்சு. பின்னாடி வந்த நச்சுக்கொடி ரிப்போர்ட்ல இருக்கற கோரியோஅம்னியோனைட்டிஸ்ங்கறது பனிக்குடச் சவ்வுல வர்ற அழற்சிதான், அதுவும் ஒத்துப்போகுது. அதனால தொற்றுங்கறது கட்டுக்கதை இல்ல, இத உங்க சித்தப்பாகிட்ட தைரியமா சொல்லலாம்.

அடுத்தது ஆபரேஷன். கர்ப்பப்பைக்குள்ள தொற்றுங்கற ஒரே காரணத்துக்காக சிசேரியன் பண்ணக் கூடாது, இது எல்லா வழிகாட்டுதல்லயும் இருக்கு. சொல்லப்போனா தொற்று இருக்கற வயித்த அறுக்குறது டாக்டருக்கும் பிடிக்காத வேலை. தையல்ல சீழ் பிடிக்கும், கர்ப்பப்பை உள்சுவர்ல தொற்று தங்கும், ரத்தப்போக்கு கூடும், சில பேருக்கு இடுப்புக்குழிக்குள்ள சீழ்கட்டியே வரும். ஆன்டிபயாட்டிக் போட்டுக்கிட்டு, வலிய நல்லா வர வச்சு, கீழ் வழியாவே பிறக்க வைக்கத்தான் முதல்ல பாக்கணும். ஆனா பிரசவம் முடிஞ்சாதான் தொற்றோட மூலமே வெளிய வரும், குழந்தை, தண்ணி, நச்சுக்கொடி எல்லாம் வெளிய வந்தாதான் மருந்து முழுசா வேலை செய்யும். அதனால விட்டுட்டு சும்மா காத்திருக்கவும் முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அந்த ராத்திரி டாக்டர் முடிவு எடுக்க வேண்டியிருக்கும். 6 சென்டிமீட்டருக்கு மேல போனதுக்கு அப்புறம், தண்ணியும் உடைஞ்சு, நல்ல வலி இருந்தும் 4 மணி நேரம் வாய் கொஞ்சம் கூட திறக்கலன்னா, இல்ல மருந்து போட்டும் வலி போதுமான அளவு வராம 6 மணி நேரம் ஆச்சுன்னா, அத பிரசவம் நின்னு போச்சுன்னு எடுத்துக்கறோம். அந்தக் காரணத்துக்காக பண்ணியிருந்தா அது நியாயமான ஆபரேஷன். தொற்று மறைமுகமா அதுக்கு காரணம், ஏன்னா அழற்சி வந்த கர்ப்பப்பை தசை ஆக்ஸிடோசினுக்கு, அதாவது வலி வர ஏத்துற அந்த சொட்டு மருந்துக்கு, சரியா அசையாது. ஆரம்பத்துல இதே அழற்சிதான் பிராஸ்டாகிளான்டின சுரக்க வச்சு வலிய கிளப்பி விடும், குறைமாசத்துல பாதிப் பேருக்கு வலி வர்றதே இதுனாலதானோன்னு தோணுற அளவுக்கு நாங்க பாக்குறோம், ஆனா முத்திப்போச்சுன்னா அதே தசைய சோர்ந்து போக வச்சிரும்.

இதுல நான் எல்லாத்துக்கும் மேல முக்கியம்னு நினைக்கறது, முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் எப்ப போச்சுங்கறது. 1988ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, இந்தத் தொற்று வந்த 45 அம்மாக்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு வலியிலயே ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போட்டாங்க, இன்னொரு பாதிக்கு பிரசவம் ஆன உடனே போட்டாங்க. வலியிலயே போட்டவங்க குழந்தைகள்ல ஒண்ணுக்கு கூட ரத்தத்துல தொற்று வரல, அப்புறம் போட்ட பக்கத்துல 21 சதவீதம் குழந்தைகளுக்கு வந்துச்சு. அதுக்கு அப்புறம் அந்த ஆய்வ தொடர்றதே நியாயமில்லன்னு நிறுத்திட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னதும் இதே ரெண்டு மருந்துதான். சிசேரியன் ஆச்சுன்னா இதோட கிளின்டாமைசின் இல்லன்னா மெட்ரோனிடசோலும் சேக்கணும், காத்து இல்லாத இடத்துல வளர்ற கிருமிகளுக்காக. விலை கம்மியான, எந்த அரசு ஆஸ்பத்திரியிலயும் இருக்கற மருந்துங்க இதெல்லாம்.

தண்ணி உடைஞ்சதும் காலைல வரைக்கும் காத்திருந்தது சரியான்னும் யோசிப்பீங்க. 1996ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு, 6 நாடுகள்ல 5,041 பேரு, மாசம் நிறைஞ்சு தண்ணி உடைஞ்சவங்க. உடனே ஆக்ஸிடோசின் போட்டவங்கள்ல 4 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று வந்துச்சு, காத்திருந்தவங்கள்ல 8.6 சதவீதம். சிசேரியன் எண்ணிக்கையிலயும் குழந்தைக்கு வர்ற தொற்றுலயும் ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால சில மணி நேரம் காத்திருக்கறது தப்புன்னு சொல்ல மாட்டேன், அம்மாவோட விருப்பத்தையும் கேட்டு செய்யலாம், ஆனா நான் என் பேஷன்ட்டுக்கு சீக்கிரமே ஆரம்பிக்கத்தான் சொல்லுவேன். அதே ஆய்வோட விவரங்கள வச்சு பின்னாடி அலசிப் பாத்ததுல, எத்தன தடவ உள்ள கை விட்டு பாத்தாங்களோ அதுக்கேத்த மாதிரி தொற்று ஏறுறது தெரிஞ்சுது. சிஸ்டர் சிவப்புல எழுதி வச்சது எவ்வளவு சரின்னு பாருங்க.

உங்க ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் நகல் கேளுங்க, அது உங்க உரிமை. ஜுரம் எத்தன மணிக்கு, முதல் ஊசி எத்தன மணிக்கு, ஒவ்வொரு தடவயும் வாய் எத்தன சென்டிமீட்டர், ஆபரேஷன் எத்தன மணிக்கு. இந்த நாலையும் எழுதிப் போடுங்க, பாப்போம்.

அயர்லாந்து நர்ஸ் எழுதியது:

நான் டப்ளின்ல மெட்டர்னிட்டி ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன், சொந்த ஊரு நாகர்கோவில். இந்தத் தலைப்ப பாத்ததும் சவிதா ஹலப்பனவர் ஞாபகம்தான் வந்துச்சு, இங்க வேலை பாக்குற இந்தியர்கள் யாரும் அந்தப் பேர மறக்க மாட்டோம். கர்நாடகாவ சேந்த பல் டாக்டர், 31 வயசு, 2012 அக்டோபர்ல கால்வே ஆஸ்பத்திரியில 17 வாரத்துல கருச்சிதைவு ஆகப்போற நெலமையில சேந்தாங்க, தண்ணி உடைஞ்சிருச்சு, குழந்தை பிழைக்க வழியில்லன்னு தெரிஞ்சும் துடிப்பு இருக்கற வரைக்கும் எதுவும் பண்ண முடியாதுன்னு அன்னிக்கு இருந்த கருக்கலைப்பு தடைச் சட்டத்த காரணம் காட்டி காத்திருந்தாங்க. தொற்று ரத்தத்துல கலந்து அக்டோபர் 28 இறந்துட்டாங்க.

உங்க தங்கச்சி கேஸ் அது இல்ல, பயமுறுத்துறதுக்காக சொல்லல. டாக்டர் சொன்னாரே, உள்ள இருக்கறது வெளிய வந்தாதான் தொற்று அடங்கும்னு, அது எவ்வளவு உண்மைன்னு ஒரு நாடே உயிர் குடுத்து கத்துக்கிட்டது அந்த வருஷம். 2013ல வந்த விசாரணை அறிக்கை 13 இடத்துல காப்பாத்தற வாய்ப்ப தவற விட்டிருக்காங்கன்னு சொல்லுச்சு. அதுல பலது ரொம்ப சாதாரண விஷயம், நேரத்துக்கு நாடி, ஜுரம், ரத்த அழுத்தம் பாக்காதது, ரத்த டெஸ்ட் ரிசல்ட்ட தேடிப் பாக்காதது. அந்த வருஷமே நாடு பூரா மெட்டர்னிட்டி வார்டுகள்ல ஒரே மாதிரி எச்சரிக்கை சார்ட் கொண்டு வந்தாங்க, அளவு தாண்டுனா மஞ்சள், இளஞ்சிவப்பு கட்டத்துல விழும், இளஞ்சிவப்புல விழுந்தா டாக்டர கூப்பிடாம நர்ஸ் நகரக் கூடாது. 2018 மே மாசம் மக்கள் ஓட்டுப் போட்டு அந்த சட்டத்தையே எடுத்துட்டாங்க. உங்க தங்கச்சிக்கு குளிர் வந்த உடனே யாரோ ஒருத்தர் ஜுரம் பாத்திருக்காங்க, துடிப்ப பாத்திருக்காங்க, ஊசி போட்டிருக்காங்க. அதுல அவ உயிரு காப்பாத்தப்பட்டிருக்கு, அதையும் சேத்து நினைங்க.

மலைக்கோட்டைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சிஸ்டர் எழுதுனத அப்படியே தங்கச்சிக்கு படிச்சுக் காட்டுனேன், அவ மாமியாரும் கூட உக்காந்து கேட்டாங்க, ஒண்ணும் பேசல, ஆனா அதுக்கு அப்புறம் இளநி பேச்ச எடுக்கல.

டிஸ்சார்ஜ் சம்மரியும் கேஸ் ஷீட் நகலும் வாங்கிட்டோம், கேட்டதும் குடுத்துட்டாங்க. சாயங்காலம் 5.40க்கு ஜுரம்னு எழுதியிருக்கு, 6.15க்கு ஆம்பிசிலின், ஜென்டாமைசின். 5 மணிக்கு 6 சென்டிமீட்டர், 7 மணிக்கு 7 சென்டிமீட்டர், 9 மணிக்கும் 7, 11 மணிக்கும் 7. ஆபரேஷன் 11.30க்கு ஆரம்பிச்சிருக்காங்க, மெட்ரோனிடசோலும் போட்டிருக்காங்க. உள்ள பாத்தது எத்தன தடவன்னு எண்ணுனா அதுல எழுதியிருக்கறதே ஒன்பது. குழந்தைக்கு சிஆர்பி, அதான் ரத்தத்துல அழற்சிய காட்டுற டெஸ்ட், ஜாஸ்தி, பிளட் கல்ச்சர் நெகட்டிவ்னு இருக்கு. கல்ச்சர்ல ஒண்ணுமே வரலன்னா அப்புறம் எதுக்கு குழந்தைக்கு அத்தன ஊசி? மூளைக்கு ஏதாவது பாதிப்பு வருமோன்னு நெட்ல படிச்சுட்டு அவ பயந்துக்கிட்டு இருக்கா, அதையும் யாராவது சொல்லுங்க.

மகப்பேறு மருத்துவர் கோவை எழுதியது:

ஜுரம் பாத்து 35 நிமிஷத்துல முதல் டோஸ் போயிருக்கு, நல்ல வேகம். 7 சென்டிமீட்டர்ல 4 மணி நேரம் பாத்துட்டுத்தான் ஆபரேஷனுக்கு போயிருக்காங்க, அவசரப்படல. உங்க சித்தப்பாவோட சந்தேகத்துக்கு இந்தப் பேப்பர்ல இடமில்ல. ஒன்பது தடவ உள்ள பாத்தது ஜாஸ்திதான், அத நான் நியாயப்படுத்த மாட்டேன். அதுனாலதான் தொற்று வந்துச்சுன்னு ஒரு ஆளோட விஷயத்துல அடிச்சு சொல்ல முடியாது, ஆனா குறைச்சிருக்கணும். அடுத்த பிரசவத்துல நீங்களே வாய விட்டு கேக்கலாம், இப்ப எதுக்கு பாக்குறீங்க, போன தடவ பாத்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல.

அடுத்த குழந்தைக்கு இதே மாதிரி ஆகும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ரெண்டாவது பிரசவத்துல வலி பொதுவா சீக்கிரம் முடியும், கிருமி ஏற நேரமே கம்மி. குறைஞ்சது ஒன்றரை வருஷமாவது இடைவெளி விடுங்க, தையல் நல்லா ஆறணும். கீழ்ப்பக்கம் குறுக்க போட்ட ஒரே ஒரு தையல்னா சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம், அப்படி முயற்சி பண்றவங்கள்ல 60ல இருந்து 80 சதவீதம் பேருக்கு நல்லபடியா ஆகுது. ஆனா பழைய தையல் பிரியற ஆபத்து நூத்துல ஒண்ணுக்கும் கீழயாவது இருக்கத்தான் செய்யும், அதனால உடனே ஆபரேஷன் பண்ற வசதி, ரத்த வங்கி இருக்கற இடமா பாத்துப் போங்க, அவசர பிரசவ சிகிச்சை குடுக்கற அரசு சீமாங்க் மையம்னாலும் சரி. கர்ப்பத்துல யூரின் கல்ச்சர் பாக்கச் சொல்லுங்க, வெள்ளைப்படுதல் வாடையோட இருந்தா மறைக்காம சொல்லுங்க. குரூப் பி ஸ்ட்ரெப்புக்கு அமெரிக்காவுல 36, 37 வாரத்துல எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்குறாங்க, நம்ம ஊர்ல வழக்கமா எடுக்கறதில்ல, ஆனா கேட்டா எடுத்துக் குடுப்பாங்க.

பச்சிளம்வார்டு அக்கா எழுதியது:

குழந்தை விஷயத்துக்கு நான் சொல்றேன், 20 படுக்கை இருக்கற ஒரு பச்சிளங்குழந்தை வார்டுல வேலை பாக்குறேன். கல்ச்சர்ங்கறது ரத்தத்த ஒரு பாட்டில்ல விட்டு கிருமி வளருதான்னு பாக்குறது, அதுக்கு 36ல இருந்து 48 மணி நேரம் வேணும். பச்சக்குழந்தைக்கு ரத்தத்துல தொற்றுன்னா அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, சில மணி நேரத்துலயே பால் குடிக்காம துவண்டு போயிரும், மூச்சு வாங்கும், உடம்பு ஜில்லுன்னு ஆயிரும். அதனால ரத்தம் எடுத்த கையோட ஊசி ஆரம்பிச்சிருவோம். அதோட அம்மாவுக்கு வலியிலயே ஆன்டிபயாட்டிக் போயிருக்கு, அது கொடி வழியா குழந்தைக்கும் போயிருக்கும், அந்த மாதிரி கேஸ்ல கிருமி இருந்தாலும் கல்ச்சர்ல வளராம போக வாய்ப்பு உண்டு. அதனாலதான் குழந்தைய கண்ணால பாத்துத்தான் பாதி முடிவு எடுப்பாங்க டாக்டருங்க. சிஆர்பி மட்டும் ஏறியிருந்தா அது தொற்றுன்னு அர்த்தம் இல்ல, கஷ்டமான பிரசவத்துக்கு அப்புறம் தானாவே ஏறும், ஆனா ஏறி இறங்குதான்னு பாப்போம்.

மூளை பாதிப்பு பத்தி நெட்ல எழுதியிருக்கறது பெரும்பாலும் ரொம்பக் குறைமாசத்துல பிறந்த குழந்தைங்கள பத்தினது. மாசம் நிறைஞ்ச குழந்தைங்களுக்கும் இந்தத் தொற்றால ஆபத்து கொஞ்சம் கூடும்னு ஆய்வுகள் சொல்லுது, ஆனா மூளை முடக்குவாதமே ஆயிரம் குழந்தைக்கு ரெண்டு மூணு பேருக்குத்தான் வருது, அது கொஞ்சம் கூடுனாலும் மத்தவங்க எல்லாம் நல்லாத்தான் இருப்பாங்க. பிறந்த உடனே அழுதானா, பால நல்லா இழுத்துக் குடிக்கறானா, ஃபிட்ஸ் எதுவும் வரலையேன்னு சம்மரியில பாருங்க. இது மூணும் சரியா இருந்தா தடுப்பூசிக்கு போகும்போது தலை நிக்குதா, முகம் பாத்து சிரிக்கறானான்னு டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டே வாங்க, அது போதும். ஜென்டாமைசின் போட்டதுனால காது டெஸ்ட் மட்டும் எடுத்திருக்காங்களான்னு பாருங்க, எடுக்கலன்னா எடுத்துருங்க, தூங்கும்போது காதுல சின்னதா ஒண்ணு வச்சு எடுப்பாங்க, வலிக்காது.

தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம், அம்மாவுக்கு வந்த தொற்று பால்ல போகாது. இன்னும் ஒண்ணு, இது அம்மாவுக்கு. பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குள்ள மறுபடி ஜுரம், அடிவயித்து வலி, தீட்டு கெட்ட வாடையோட போறது, தையல்ல தண்ணி கசியறது, இதுல எது வந்தாலும் கஷாயம் குடிச்சுப் பாக்கலாம்னு வீட்டுல வச்சுக்காதீங்க, அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, ராத்திரின்னாலும் 108க்கு அடிங்க.

மலைக்கோட்டைப்பொண்ணு எழுதியது:

பிறந்ததும் அழுதான்னு எழுதியிருக்கு அக்கா, ஃபிட்ஸ் எதுவும் இல்ல, பால் நல்லா குடிக்கறான். காது டெஸ்ட் எடுக்கல, அடுத்த வாரம் தடுப்பூசிக்கு போறப்பவே எடுத்துடுறோம். தையல்ல ஒரு ஓரத்துல லேசா சிவந்திருக்குன்னு அவ இப்பதான் சொல்றா, ஜுரம் இல்ல, வாடை இல்ல. காட்டணுமா?

லேபர்வார்டு சிஸ்டர் எழுதியது:

காட்டிரு கண்ணு, நாளைக்கு காலைலயே. தொற்று இருந்த வயித்துல போட்ட தையல், சிவப்ப பாத்துட்டு காத்திருக்க வேணாம். ஈரத்துணி வச்சு துடைக்க வேணாம், பவுடர், மஞ்சள் எதுவும் போட வேணாம், அப்படியே காத்தாட விட்டு கூட்டிட்டுப் போ. அந்த நச்சுக்கொடி ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துக்கோ, பாக்குற டாக்டர் வேற ஆளா இருந்தா முதல்ல அதக் காட்டு.